வெளிச்சத்தின் மேல் பழி

இப்போதெல்லாம் ஆட்களுக்குத் தங்கள் கண்ணிலேயே நம்பிக்கை இல்லை. தலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு மழை இல்லையாம்" என்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைக்கமாட்டார்கள். பக்கத்து வளவில் செத்தவீடு நடந்தால்கூட முகநூலில் படம் வந்த பிறகுதான் அழுகை வரும். நான் திரையை நம்புவதில்லை. திரையைப் பார்த்துத் தலையாட்டுகிற ஆளையும் நம்புவதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் சந்தேகம்தான்.

"அந்தப் படிப்புக்கு இண்டைக்குச் சோதினை ஐயா. பிந்தாமல் ஏறுங்கோ" என்று யூலிற்றா ஓட்டோவை முறுக்கினாள்.

என் பெயர் ஏரம்பு. விசுவமடுவில் முப்பது வருசம் சைக்கிள் கடை வைத்திருந்தவன். களவுபோன சைக்கிளைத் தேடிப் பிடித்துக் கொடுக்கப் பழகி, பிறகு களவுபோன மாடு, தண்ணீர்ப் பம்பு, ஒருமுறை கலியாணத்தன்று காணாமற்போன மாப்பிள்ளை என்று தொழில் தானாக வளர்ந்தது. பொலிசுக்குப் போகப் பயந்தவர்கள் என்னிடம் வருவார்கள். யூலிற்றா முல்லைத்தீவுக் கரைப் பெண். நாற்பது தாண்டிவிட்டது. என்னை ஏற்றித் திரிகிறபடியால் தன்னை உதவித் துப்பறிவாளர் என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுடைய வாய்க்குப் பிறேக் இல்லை. ஓட்டோவுக்கும் பெரிதாக இல்லை.

இந்த முறை வந்தது முத்துலிங்கத்தின் மகள் யதுர்ஷிகாவின் வழக்கு. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிற குடும்பம். இருபத்தாறு வயதுப் பெண். கிளிநொச்சியில் ஒரு தனியார் தோல் சிகிச்சை நிலையத்தில் லேசர் மெசினைப் பிடிப்பது அவள் வேலை. டொக்டர் கொழும்பிலிருந்து கிழமைக்கு ஒரு நாள்தான் வருவார், எவ்வளவு சக்தி வைப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார், அடிப்பது இவள்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னர் பளையைச் சேர்ந்த தாட்சாயினி என்ற பெண் வந்தாள். வலக் கன்னத்தில் எள்ளுத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். அவற்றை லேசரால் உடைத்துக் கரைக்கவேண்டும். யதுர்ஷிகா அடித்தாள். அடுத்தநாள் காலை அந்தக் கன்னம் குழி குழியாகிக் கிடந்தது. தாட்சாயினியின் புருசனின் தமையன் வந்து கதவை உதைத்துச் சண்டை பிடித்தானாம். நிலையத்துக்கு இப்போது பழிபோட ஒரு தலை வேண்டும். யதுர்ஷிகா சக்தியைக் கூட்டி வைத்துச் சுட்டுவிட்டாள் என்கிறார்கள். அவள் இல்லை என்கிறாள்.

இன்று மெசினைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வருகிறார். மெசினில் பிழை என்றால் பிள்ளை தப்பும். மெசின் சரி என்றால் பிள்ளையின் கைதான் பிழை. நாலு மணிக்கு விசாரணை. அதன் பிறகு பொலிஸ்.

"மெசினும் பிள்ளையும் ரெண்டும் சரியா இருந்தா?" என்று யூலிற்றா கேட்டாள்.

"அப்ப ஆரோ பொய்."

"அப்பாடா. பொய் எண்டா எங்களுக்குப் பழகின இடம்தானே."

*

நிலையத்தின் முகாமையாளர் ரஜிதன் கழுத்துப்பட்டியோடு வாசலில் நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரித்தபடியேதான் வாயைத் திறந்தான்.

"ஐயா என்னத்துக்கு? இது விஞ்ஞானச் சோதினை."

"பிள்ளையின்ர தகப்பன் அனுப்பினவர். பார்த்துக்கொண்டு நிக்கிறதுக்கு விஞ்ஞானம் தேவையில்லை."

அவன் யூலிற்றாவைப் பார்த்தான்.

"நான் ஐயாவின்ர ஆய்வுகூடம்" என்றாள் அவள்.

உள்ளே நிறோஜன் என்ற பொறியியலாளர் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். அமைதியான ஆள். எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி ஒவ்வொன்று தந்தார். லேசர் கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடுமாம். போட்டுக்கொண்டு வரிசையாக நின்றோம்.

"குடும்பத்தோட கண்நோய் வந்த மாதிரி இருக்கு" என்றாள் யூலிற்றா.

மேசையில் சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு பெட்டி. அதுதான் கமரா. அதன் முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. கமராவிலிருந்து ஒரு வயர் போய் லப்டொப்பில் ஏறியிருந்தது.

"உது என்ன தம்பி செய்யும்?" என்றேன்.

"லேசரை நேர கமராவுக்குள்ள விட்டா கமரா எரிஞ்சு போகும் ஐயா. இந்தக் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைக் கனக்கக் குறைச்சு விடும். கமரா மிச்சத்தைப் பிடிச்சு, எந்த இடத்தில வெளிச்சம் கூட, எந்த இடத்தில குறைய எண்டு படம் கீறிக் காட்டும். எவ்வளவு சக்தி வருதெண்டும் இலக்கம் போடும்."

"எப்பிடி வரவேணும்?"

"மேசை மாதிரித் தட்டையா வரவேணும். ஒரு இடத்தில கூர் எழும்பினா அந்த இடத்தில தோல் எரியும்."

விளங்கியது. வரம்புக்குள் தண்ணீர் எல்லா இடமும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஒரு மூலையில் ஆழம் கூடினால் அந்த மூலைப் பயிர் அழுகும். அவ்வளவுதான் விசயம். இதைச் சொல்ல இவ்வளவு சாமான்.

யதுர்ஷிகா சுவரோடு ஒட்டி நின்றாள். முழுக்கைச் சட்டை, கட்டிய தலை, கைவிரல்கள் ஒன்றையொன்று பிசைந்தபடி. நிறோஜன் லேசரின் கைப்பிடியைக் கமராவுக்கு நேரே தாங்கியில் இறுக்கினார். மிதியை அமத்தினார். 'டிக்' என்று ஒரு சத்தம். நுளம்பு அடித்த சத்தத்தைவிடப் பெரிதில்லை.

திரையில் நீலத்துக்கு நடுவே வட்டமாக ஒரு சிவப்பு மேடு எழும்பியது. அதன் இடப்பக்க மேல் மூலையில் ஊசி மாதிரி ஒரு கூர் நிமிர்ந்து நின்றது.

நிறோஜனின் முகம் மாறியது. இன்னுமொரு தடவை அமத்தினார். அதே இடத்தில் அதே ஊசி. ஐந்து தடவை. ஐந்திலும் ஊசி.

"இது பிழை" என்றார். "வெளிச்சம் ஒரு இடத்தில குவியுது."

யதுர்ஷிகா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். பன்னிரண்டு நாள் அடக்கி வைத்திருந்த அழுகை. யூலிற்றா அவள் தோளைப் பிடித்தாள். ரஜிதனின் சிரிப்பு முதல்முறையாக அணைந்தது.

எனக்கு மட்டும் சந்தேகம் எழும்பியது. எனக்கு வேண்டியது எனக்கு வேண்டிய நேரத்தில் வந்து நின்றால் எப்போதும் அப்படித்தான். எழுபத்திரண்டு வருசத்தில் அப்படி ஒன்றும் வந்ததில்லை.

"தம்பி, அந்தக் கமராப் பெட்டியைக் கொஞ்சம் திருப்பி வையும். கால்வாசிச் சுத்து."

"ஏன் ஐயா?"

"சில்லு ஆடுதெண்டு சைக்கிளைக் கொண்டுவருவாங்கள். நெளிவு றிம்மிலையோ, முன் போர்க்கிலையோ எண்டு எப்பிடிப் பார்க்கிறது? சில்லைச் சுத்திப் பார்க்கவேணும். நெளிவு சில்லோட சேர்ந்து சுத்தினா றிம். சுத்தாமல் அதே இடத்தில நிண்டா போர்க்."

நிறோஜன் கமராவைத் திருப்பி இறுக்கினார்.

"கூர் லேசரில இருந்தா, கமரா திரும்பின அளவுக்குத் திரையில அது இடம் மாறவேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மிதியை அமத்தினார்.

டிக்.

சிவப்பு மேட்டின் விளிம்பில் இருந்த சின்னச் சின்ன மடிப்புகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. ஊசி மாறவில்லை. இடப்பக்க மேல் மூலை. அசையாமல் நின்றது.

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புப் பூச்சில் மயிரளவு ஒரு கீறல். அதற்குள்ளால் வெளிச்சம் குறையாமல் புகுந்திருக்கிறது. லேசரில் ஊசி இல்லை. லேசரை அளக்க வந்த சாமானில்தான் ஊசி.

பெட்டியிலிருந்து வேறு கண்ணாடி எடுத்துப் பூட்டினார். பத்து முறை அமத்தினார். பத்து முறையும் மேடு மேசை போலத் தட்டையாக வந்தது. சக்தி, மெசின் முகத்தில் என்ன இலக்கமோ அதுவே திரையிலும்.

"மெசின் சரி" என்றார் நிறோஜன். அவருக்குச் சொல்ல விருப்பமில்லை. ஆனாலும் சொன்னார். அறிக்கையிலும் அதையே தட்டிக் கையெழுத்து வைத்தார்.

ரஜிதனுக்குச் சிரிப்புத் திரும்பி வந்தது. "ஐயா வந்தது நல்லதாப் போச்சு."

யூலிற்றா என் காதுக்குள் சொன்னாள்: "எனக்கொரு சந்தேகம் ஐயா. நாங்கள் ஆரின்ர பக்கம்?"

*

யதுர்ஷிகா நடையில் கதிரையில் இருந்தாள். அழுகை நின்றுவிட்டது. நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் ஐயா திருப்பச் சொன்னனியள்?"

"பொய் ஒண்டில நீ தப்பினா, நாளைக்கு வேற கமராவோட வேற ஒருத்தன் வருவான் பிள்ளை."

"நாளைக்கு வந்திருக்கட்டுமே."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு அடிக்கேக்க என்ன நடந்தது? ஒண்டையும் விடாமல் சொல்லு."

"டொக்டர் எழுதின இலக்கத்தைத்தான் வைச்சனான். நாலாவது அடியில கடுகு வெடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டது. சின்னதாப் பொறியும் பறந்தது. நான் நிப்பாட்டிப்போட்டு ரஜிதன் சேரிட்டச் சொன்னனான். அது முகத்து மயிர் கருகிற சத்தம், நிப்பாட்டாதை, வெளியில ஆக்கள் காத்துக்கொண்டு நிக்கினம் எண்டவர்."

"மணம்?"

அவள் குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். "சீனவெடி கொளுத்தின மணம்."

ரஜிதனிடம் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அப்படி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றான். சொன்னதற்கு எழுத்து இருக்கா என்றான். எழுத்து இருப்பதைக் காட்டுகிறேன் என்று தாட்சாயினியின் பைலை எடுத்து மேசையில் எறிந்தான்.

எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். எப்போதுமே அப்படித்தான். 'புள்ளிகள் எப்படி ஏற்பட்டன? சைக்கிளில் விழுந்தது. ஆண்டு 2008. இடம், விசுவமடு, வீட்டுக்கு முன் ஒழுங்கை.' அதன் கீழே நாலு சிறிய பெட்டிகள்: தார், மண், மை, வெடிமருந்து. தார் என்ற பெட்டிக்குள் புள்ளடி. அடியில் தாட்சாயினியின் கையெழுத்து. பக்கத்தில் சிகிச்சைக்கு முந்திய படம். புள்ளிகள் கன்னத்தில் மட்டும் இல்லை. தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்புக்குள்ளும் இருந்தன.

சாமான் கட்டிக்கொண்டிருந்த நிறோஜனிடம் போனேன்.

"தம்பி, இந்த வெளிச்சம் பட்டா தார் வெடிக்குமோ?"

"தார் வெடிக்காது ஐயா."

"வேற எது வெடிக்கும்?"

அவர் கண்ணாடித் துண்டைத் துணியில் சுற்றுவதை நிறுத்தினார். "வெடிமருந்துத் தூள். தோலுக்குள்ள எத்தினை வருசம் கிடந்தாலும் லேசர் பட்டா வெடிக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழி. எங்கட பயிற்சியில முதல் பாடமே அதுதான். அதுக்குத்தானே படிவத்தில அந்தப் பெட்டி."

"அதை அறிக்கையில எழுதுவியளோ?"

"நான் மெசினை மட்டும் பார்க்க வந்தனான். ஆளின்ர தோலுக்குள்ள என்ன கிடந்ததெண்டு அந்த ஆள்தான் சொல்லவேணும்."

மணி பன்னிரண்டே கால்.

*

ஓட்டோ ஆனையிறவைத் தாண்டும்போது வெயில் உப்பு வயல்களில் பட்டுக் கண்ணைக் குத்தியது. யூலிற்றா சத்தமாகக் கதைத்தாள். காற்றுக்கு அப்படித்தான் கதைக்கவேண்டும்.

"தார் எண்டதில உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"விசுவமடுவில எனக்குத் தெரியாத ஒழுங்கை ஒண்டும் இல்லை. அந்த வருசங்களில எல்லாம் கிரவல். சிவப்புப் புழுதி. தார் வேணுமெண்டா ஆரிட்டையும் கடன் வாங்கித்தான் விழவேணும்."

"இதைக் கொழும்பு டொக்டர் எங்க கண்டார்!"

"சைக்கிளில விழுந்த முகங்கள் என்ர கடைக்கு எத்தினை வந்திருக்கு. மூக்கு, நெற்றி, கன்ன எலும்பு, முழங்கை. துருத்திக்கொண்டு நிக்கிற இடத்திலதான் அடிபடும். காதுக்குப் பின்னால எந்த றோட்டு வந்து அடிச்சது?"

யூலிற்றா ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தாள். அது அபூர்வம்.

"என்ர மாமிக்கும் கால் சைக்கிள்லதான் போனது" என்றாள் பிறகு. "முழங்காலுக்குக் கீழ முழுசா. நல்ல கனமான சைக்கிள்."

பளையில் தாட்சாயினி வீட்டை விசாரித்துப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தென்னைக்குள் புதிதாகக் கட்டிய சின்னக் கல்வீடு. முப்பத்தொரு வயதுப் பெண். சால்வையின் ஒரு தலைப்பை வலப்பக்க முகத்தில் இழுத்துப் பிடித்தபடி கதவைத் திறந்தாள். நிலையத்திலிருந்து வரவில்லை என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டாள். தேத்தண்ணீர் ஊற்றப் போனவளை மறித்தேன். நேரம் இல்லை.

"பிள்ளை, நான் விசுவமடுவில சைக்கிள் கடை வைச்சிருந்த ஏரம்பு."

அவள் முகத்தில் ஒரு கணம் சந்தோசம் வந்தது. உடனே பயம் வந்தது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அந்தப் பெயரிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"எங்கட ஒழுங்கையில தார் இல்லை எண்டு சொல்ல வந்தனீங்களோ?"

"ஓம்."

சால்வையை விட்டாள். கன்னத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தேன்.

"கடைசிச் சண்டையில, மாத்தளனில" என்றாள். "பதினாலு வயசு. பங்கருக்குள்ள இறங்கேக்க பக்கத்தில ஷெல் விழுந்தது. எனக்குப் பக்கத்தில நிண்டவை ஒருத்தரும் மிஞ்சேல்லை. எனக்கு இது மட்டும்தான். ஓமந்தையில ஆமிச் சோதினை வரிசையில நிக்கேக்க சின்னம்மா காதுக்குள்ள சொன்னவா, 'கேட்டா சைக்கிள் எண்டு சொல்லு. அழாமல் சொல்லு.' காயம் எண்டா எங்க பட்டது, ஏன் பட்டது, ஆரோட நிண்டனீ எண்டு தனியக் கூட்டிக்கொண்டு போவாங்கள். சைக்கிள் எண்டன். காம்பிலையும் சைக்கிள். பள்ளிக்கூடத்திலையும் சைக்கிள். அடையாள அட்டைக்கும் சைக்கிள்."

"இப்பவும் ஏன் பிள்ளை?"

"கலியாணத்துக்கும் அதுதான் ஐயா சொன்னது. அவர் பிரான்சில. போனில பார்த்துப் பேசின கலியாணம். அவருக்கும் சைக்கிள் எண்டுதான் தெரியும். என்னைக் கூப்பிட அவர் குடுத்த பேப்பரிலையும் 'அடையாளம், சைக்கிள் விபத்து' எண்டு கிடக்கு. அடுத்த மாசம் விசா நேர்முகம். அதுக்காகத்தான் முகத்தைத் துப்பரவாக்கப் போனனான்."

யூலிற்றா ஓட்டோவில் வைத்து எழுதிய தாளை நீட்டினேன். இரண்டே வரி. என் கன்னத்தில் இருந்தது வெடிமருந்துத் தூள். தார் அல்ல.

"கையெழுத்து வைச்சா அந்தப் பிள்ளை தப்பும்" என்றாள் யூலிற்றா. "அவள் இலக்கத்தைக் கூட்டேல்லை அக்கா. உங்கட கன்னம் வெடிச்சது அவளாலை இல்லை."

தாட்சாயினி தாளை வாங்கி வாசித்தாள். இரண்டு வரியை அவ்வளவு நேரம் வாசித்த ஆளை நான் கண்டதில்லை.

"இதில நான் கையெழுத்து வைச்சா அவள் தப்பமாட்டாள் ஐயா."

"ஏன்?"

"சைக்கிள் எண்டு மட்டும்தான் நான் சொன்னனான். தார் நான் சொல்லேல்லை. அந்தப் படிவம் நிரப்பினது அந்தப் பிள்ளை. எந்தப் பெட்டி எண்டு அவள் கேட்கேக்க எனக்கு வாய் வரேல்லை. என்ர கன்னத்தைப் பார்த்தாள். காதுக்குப் பின்னால பார்த்தாள். வெடிமருந்து எண்ட பெட்டிக்கு மேல பேனையை வைச்சவள், எழுதாமல் என்ர முகத்தைப் பார்த்தாள். பேந்து தன்ர சட்டைக் கையை முழங்கை மட்டும் சுருட்டிக் காட்டினாள். எனக்கு இருந்ததைவிடப் பெரிய தழும்பு. 'எனக்கும் சைக்கிள்தான் அக்கா' எண்டு சொல்லிப்போட்டு, தாரில புள்ளடி போட்டாள்."

வெளியே தென்னோலை உரசிக்கொண்டிருந்தது.

கணக்கு எனக்கு இப்போது சரியாக வந்தது. சரியாக வந்ததுதான் பிழை. வெடிமருந்து என்று அந்தப் பெட்டியில் புள்ளடி விழுந்திருந்தால் டொக்டர் லேசருக்கு இலக்கமே எழுதியிருக்கமாட்டார். தெரிந்தும் தார் என்று எழுதியது யதுர்ஷிகா. செய்யாத பிழைக்கு அவளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அவளை இழுத்து எடுத்தால், செய்த பிழைக்குள்தான் போய் விழுவாள். கொழும்புத் தாதி ஒருத்தி அங்கே இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டு உண்மையைப் பிடுங்கியிருப்பாள். இங்கே ஒருவர் சைக்கிள் என்றால் மற்றவர் எந்தச் சைக்கிள் என்று கேட்பதில்லை. நானே எத்தனை பேரிடம் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

தாட்சாயினி தாளை நாலாக மடித்து என் கையில் தந்தாள்.

"அவளில எனக்குக் கோவம் இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள். "ஆனா நான் விழுந்தது சைக்கிளில. ஆர் வந்து கேட்டாலும் அதுதான் ஐயா."

*

நாலு மணிக்கு ஏழு நிமிசம் இருக்க நிலையத்து வாசலில் இறங்கினேன். யதுர்ஷிகா கைப்பையோடு வெளியே நின்றாள். பக்கத்தில் தகப்பன்கூட இல்லை.

"விசாரணை நாலு மணிக்கெல்லே?"

"முடிஞ்சுது ஐயா. மெசின் அறிக்கை வந்திட்டுது, இனி என்னத்துக்குக் காத்திருக்கிறது எண்டு ரஜிதன் சேர் கூப்பிட்டவர். கவனப்பிழையா இலக்கத்தைக் கூட்டிப்போட்டன் எண்டு எழுதித் தந்தவை. கையெழுத்து வைச்சா பொலிசுக்குப் போகமாட்டினம். வைச்சிட்டன்."

"கூட்டினனியோ?"

"இல்லை."

"அப்ப ஏன் வைச்சனீ? இனி ஒரு இடத்திலையும் உன்னை மெசின் தொட விடமாட்டாங்கள்."

"வயல் கிடக்குத்தானே ஐயா." அவள் றோட்டைப் பார்த்தபடி சொன்னாள். யாழ்ப்பாண பஸ் ஒன்று ஹோண் அடித்துக்கொண்டு போனது.

"பளையில இருந்துதான் வாறன்" என்றேன்.

அவள் தலை அசையவில்லை.

"திரும்பி உள்ள போ. தூள் வெடிச்சது எண்டு சொல்லு. சத்தம் கேட்டு நீ நிப்பாட்டினதையும் சொல்லு. அடி எண்டு சொன்ன ரஜிதனும் அகப்படுவான். தனிய நீ மட்டும் சுமக்கவேண்டாம்."

"என்ன தூள் ஐயா?"

"பிள்ளை, நான் கிழவன். விசரன் இல்லை."

"அந்த அக்கா சைக்கிளில விழுந்தவா" என்றாள். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. "படிவத்தில கிடக்கு. நான்தான் எழுதினனான்."

"நீ அதை நம்பினனியோ?"

"ஓம்."

"உன்ர கை?"

அந்த வெக்கைக்குள் சட்டைக் கையின் கடைசிப் பொத்தானையும் பூட்டினாள். "அதுவும் சைக்கிள்தான்."

தாட்சாயினி சொல்லி அனுப்பியதை அப்போதுதான் சொன்னேன்: அவளுக்கு உன்னில் கோவம் இல்லையாம். யதுர்ஷிகா கைப்பையைத் தோளில் மாட்டினாள். தெரியாத ஒருவர் நேரம் கேட்டதற்குச் சொல்வது போல, "சரி ஐயா" என்றாள்.

உள்ளே கண்ணாடிக்கு அப்பால் ரஜிதன் யாருக்கோ போனில் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த நோயாளிகள் இருவர் கதிரையில் காத்திருந்தார்கள். அந்த அறைக்குள் மெசின் தட்டையான, சரியான, பிழையில்லாத வெளிச்சத்தை அடிக்க ஆயத்தமாக நின்றது. எல்லாத் தாள்களிலும் எல்லாம் ஒத்து வந்துவிட்டது. ஒரு சைக்கிள், ஒரு கவனப்பிழை, மூன்று கையெழுத்து.

நான் திரும்பி நடந்தேன்.

"ஐயா, ஓட்டோ இஞ்சால நிக்குது!" என்று யூலிற்றா கத்தினாள். கேட்டது. நான் நிற்கவில்லை. பின்னால் அந்தப் பிள்ளை இன்னும் சைக்கிள் என்றுதான் சொல்லிக்கொண்டு நின்றாள் போலிருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை.